டைப் பாயும் ‘ரயட்’ என்ற சொல்லும்

டைப் பாய்க்குத் திடீரென்று கை நின்றுவிடும். மெஷினில் காகிதம் ஏறியிருக்கும். தோளுக்குப் பின்னால் வக்கீல் குமாஸ்தா ஒருவர் நின்று அவசரப்படுத்துவார். கோர்ட்டில் பெயர் கூப்பிடப் போகிறார்கள் என்று யாராவது ஓடி வருவார்கள். அந்த நேரம் பார்த்துப் பத்து விரலும் எழுத்துகளுக்கு மேலே அப்படியே அந்தரத்தில் நிற்கும்.

“இருங்க, இந்த வார்த்தை எங்கேர்ந்து வருதுன்னு பாத்துடலாம்.”

“பாய், டைப் அடிக்கச் சொன்னா அடிங்க. ஆராய்ச்சி பண்ணாதீங்க” என்று குமாஸ்தா கத்துவார்.

பாய் காதில் வாங்கமாட்டார். கண்ணாடியைக் கழற்றி லுங்கி நுனியில் துடைத்து மாட்டிக்கொள்வார். காலடியில் இருக்கும் மரப்பெட்டியைத் திறந்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஒரு புத்தகத்தைத் தூக்குவார். பெரிய இங்கிலீஷ் அகராதி. அட்டை கிடையாது. அவர் தம்பி மளிகைக் கடைக்கு எடைக்கு வாங்கிய பழைய காகிதத்தோடு வந்ததாம். இவர் பார்த்துப் பிடுங்குவதற்குள் ஏ, பி, சி மூன்று எழுத்தும் பொட்டலம் மடிக்கப் போய்விட்டது. அதனால் கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்கு அதிகம் தேவைப்படுகிற அரெஸ்ட், பெயில், கேஸ் எதுவும் அதில் இல்லை.

“பெயிலு மொளகாப் பொட்டலமா பூடுச்சிம்மா” என்றார் என்னிடம், முதல் நாளே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் அப்போது கடலூர் ஜெயிலில் இருந்தார்.

அவர் கடை கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு தகர ஷெட். போர்டில் அவர் பெயர் இருக்காது. ‘தமிழ், இங்கிலீஷ் டைப்பிங் செய்து தரப்படும்’ என்று மட்டும் இருக்கும். அவரே தன் பெயரை எழுதிக்கொள்ளவில்லை, நானும் எழுதப் போவதில்லை. ஊருக்கே அவர் டைப் பாய்தான்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் ரோட்டில் உட்கார்ந்த வருஷங்கள் அவை. எங்கள் ஊர் கல்வராயன் மலை அடிவாரம், கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். ஊர்க்கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் ரோட்டுக்கு வர வேண்டும், வராதவன் நம்ம ஆளே இல்லை என்று முடிவு செய்திருந்தார்கள். குறித்த நாளில் எல்லாரும் போய் உட்கார்ந்தார்கள். யாரோ புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். பஸ் நின்றது. கல் பறந்தது. இரண்டு நாள் கழித்து ஜீப் வந்து, ரம்பமும் கோடாலியும் இருக்கிற வீடாகப் பார்த்து ஆளை ஏற்றியது.

என் வீட்டுக்காரருக்கு மரம் அறுக்கிறதுதான் பிழைப்பு. எங்கள் வீட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு ரம்பம் தொங்கும். அதன் பல்லிடுக்கில் புதுத் தூள் ஒட்டியிருந்தது. வந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் அது புளியமரத் தூள் இல்லை, பலாமரத் தூள். அவர் அன்றைக்கு ரோட்டிலேயே இல்லை. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில், காற்றில் விழுந்த பலாவை ஒரு வீட்டு வாசல் நிலைக்காக அறுத்துக்கொண்டிருந்தார். மறுநாளே இறங்கிவிடலாம் என்றுதான் போனார். பஸ் நின்றுபோனதால் மாட்டிக்கொண்டார். நடந்து இறங்கி வந்து, குளித்து, ரம்பத்தை மாட்டிவிட்டுப் படுத்தார். விடிந்ததும் ஜீப்.

ஏறும்போது என்னிடம் சொன்னது இது ஒன்றுதான்: “நான் மலையில இருந்தேன்னு எவன்கிட்டயும் வாய் தெறக்காத. ஊரோட ஊரா உள்ள போறேன். அதுல அவமானம் ஒண்ணும் கெடையாது.”

நான் ஆறாவதோடு நின்றவள். எதையும் முன்கூட்டியே பயந்து வைத்துக்கொள்கிற சுபாவம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்புகிறவள். அப்படிப்பட்டவளிடம் ஒரு உண்மையைக் கொடுத்து வாயைக் கட்டிவிட்டுப் போனார். சொன்னால் அவர் வெளியே வரலாம், ஆனால் ஊரில் தலை நிமிர முடியாது. சொல்லாவிட்டால் தலை நிமிர்ந்தபடியே உள்ளே கிடப்பார். எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியவில்லை. “ரயட்டு கேஸும்மா” என்று மட்டும் ஒரு போலீஸ்காரர் சொன்னார். அது என்னவென்று கேட்கத்தான் பாய் கடைக்குப் போனேன். வக்கீல் ஆபீஸ் அந்தக் கடையை ஒட்டிய கட்டடத்து மாடியில். அங்கே உட்கார இடமில்லாதபடி எங்கள் பக்கத்துச் சனங்கள் நிறைந்திருந்தார்கள்.

பாய் புத்தகத்தைத் தூக்கினார். தாளைப் புரட்டினார். விரல் வைத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்து, “உன் வூட்டுக்காரரு தண்ணி கிண்ணி போடுவாரா?” என்றார்.

“பீடி கூட புடிக்க மாட்டாரு பாய்.”

“அப்ப மொத அர்த்தம் பொருந்தாது. அந்தக் காலத்துல இந்த வார்த்தைக்கு, கண்ணு மண்ணு தெரியாம செலவு பண்ணி, தின்னு குடிச்சு, கூத்தடிக்கறதுன்னு அர்த்தமாம். அதுக்கும் முன்னாடி, ஃபிரெஞ்சுக்காரன் ஊர்ல, சும்மா வாய்ச்சண்ட. புருசன் பொஞ்சாதிக்குள்ள வருதே, அந்த மாதிரி.”

“அதுக்கு யாரு பாய் ஜெயில்ல போடறாங்க?”

“அதானே” என்றார் பாய். “போட்டா என் வூட்டுக்காரிய மொத போடணும்.”

அன்றைக்கு எனக்கு வேறு எந்தப் பதிலும் கிடைக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது ஒன்றைக் கவனித்தேன். நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் கம்மியாகியிருந்தது. அந்தப் போலீஸ்காரர் சொன்னபோது அந்த வார்த்தை பாறாங்கல் மாதிரி இருந்தது. அதற்கும் ஒரு சின்ன வயசு இருந்திருக்கிறது, அதுவும் வெறும் வாய்ச்சண்டையாகத் திரிந்திருக்கிறது என்று தெரிந்ததும், பாறாங்கல்லுக்குக் கண்ணும் மூக்கும் வந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் போனேன். வக்கீலைப் பார்க்கத்தான் போனேன், ஆனால் உட்கார்ந்தது பாய் கடை பெஞ்சில். அவர் அடிக்கிற மெஷின் சத்தத்தில் ஒரு ஒழுங்கு இருக்கும். கையில் வேலை இல்லாத நேரத்தில் அந்த வார்த்தையை எடுப்பார். விட்ட இடத்திலிருந்து தொடங்குவார், மாமியார் வீட்டுக் கதை பேசுகிற மாதிரி.

ஒருநாள், “வெள்ளைக்காரன் வேட்டைக்குப் போறப்போ நாய்ங்களக் கூட்டிக்கினு போவானாம். நரி வாசனைய விட்டுட்டு வேற வாசனை பின்னாடி ஓடற நாய்க்கும் இதே வார்த்தைதான் போட்டிருக்கு. ஏன்னு எனக்கு விளங்கல” என்றார்.

எனக்கு விளங்கியது. “எங்க அப்பா கூட ஒரு நாய் வச்சிருந்தாரு பாய். மலைக்குப் பன்னி தொரத்தக் கூட்டிக்கினு போனா அது மொயலு பின்னாடி பூடும். அதப் பாத்து மத்த நாலு நாயும் பூடும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் கத்திக்கினு கெடக்கணும். ஒண்ணு கோடு மாறிச்சுன்னா எல்லாம் கோடு மாறும்.”

பாய் கண்ணாடியைக் கழற்றினார். “இத இந்தப் பொஸ்தகத்துல எழுதலியே” என்றவர், பென்சிலை எடுத்து ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டார்: ஒன்று கோடு மாறினால் மற்ற நான்கு நாயும். எனக்குக் கூச்சமாக இருந்தது. என் வாயிலிருந்து வந்ததை அதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை.

இன்னொரு நாள் டவுனில் கடையெல்லாம் அடைப்பு. ஐந்து பேர் சேர்ந்து நிற்கக் கூடாது என்று ஜீப்பில் சொல்லிக்கொண்டு போனார்கள். பாய் மட்டும் பாதிக் கதவைத் திறந்துவைத்திருந்தார். அவர் தம்பிகள் வந்து, “நமக்கு எதுக்கு ஊர் வம்பு, சாத்திட்டு வாங்கண்ணே” என்று சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் போனபோது அவர் கடை வாசலில் நின்று எதிர்ச்சுவரைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. சுவரில் ஒரு இங்கிலீஷ் சினிமா போஸ்டர், ஒரு குண்டு ஆள் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிறான்.

“கீழ பெரிய எழுத்துல இன்னா போட்டிருக்கான் தெரியுமாம்மா? ரயட். வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கற படமாம். அந்த ஒரு வார்த்தைக்கு அங்க டிக்கெட்டு குடுக்கறான், இங்க கடலூருக்கு அனுப்பறான்.”

“சிரிக்காதீங்க பாய், யாராச்சும் பாத்தா தப்பா நெனப்பாங்க.”

“நான் ஒருத்தன்தானம்மா சிரிக்கறேன். அஞ்சு பேரு சிரிச்சாதான் கேஸு.”

அவர் வேடிக்கையாகச் சொன்னார். அந்த ஐந்து பேர் கணக்கு எங்கள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இவர் ஏன் இப்படி ஒவ்வொரு வார்த்தையிலும் நிற்கிறார் என்று ஒருமுறை நேராகவே கேட்டேன். மெஷினில் ரிப்பனைச் சுற்றிக்கொண்டே சொன்னார். ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஒரு குத்தகை விவசாயி வந்தாராம். நிலத்தை விட்டு எழுப்பப் பார்க்கிறார்கள், மனு வேண்டும் என்று கேட்டார். பாய்க்கு அப்போது வேகம்தான் பெருமை. ‘அந்த நிலத்தில் உழுது பாடுபடுகிறவன்’ என்று அவர் சொன்னதை இங்கிலீஷில் ‘கூலியாள்’ என்கிற வார்த்தையாகத் தட்டிவிட்டார். குத்தகைக்காரருக்கு இருக்கிற பாத்தியம் கூலியாளுக்குக் கிடையாது. எதிர்த்தரப்பு அந்த மனுவையே எடுத்துக் காட்டியது. நிலம் போய்விட்டது.

“அந்த ஆளு அதுக்கப்புறமும் என் கடைக்கு வந்தாரும்மா. திட்டல. ‘பரவால்ல பாய், நீங்க வேணும்னேவா அடிச்சீங்க’ன்னு சொல்லிட்டு ஒரு கூடை கத்திரிக்கா வச்சிட்டுப் போனாரு. திட்டியிருந்தா மறந்திருப்பேன்.”

நான் வாயைத் திறக்க நினைத்தது அன்றைக்குத்தான். என் வீட்டுக்காரர் மலையில் இருந்தார் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. வந்து, ஜீப்பில் ஏறும்போது அவர் பார்த்த பார்வை ஞாபகம் வந்து, உள்ளே போய்விட்டது.

மூன்று வாரம் ஆனது. வடக்கேயிருந்து புதிதாக ஒரு பெரிய அதிகாரி வந்திருக்கிறார், ஊரிலிருந்து நல்லதாக ஒரு மனு இங்கிலீஷில் கொண்டுவந்து கொடுங்கள், பார்க்கலாம் என்று வக்கீல் சொன்னார். எங்கள் ஊரில் எந்த மனுவாக இருந்தாலும் ஒரு வழக்கம் உண்டு. குடிதண்ணீர்க் குழாய்க்கானாலும் சுடுகாட்டுப் பாதைக்கானாலும் ஊரே கையெழுத்துப் போடும். ஒருத்தன் தனியாகப் போட்டால் அவனுக்குக் குளிர்விட்டுப் போச்சு என்பார்கள். எல்லாரும் போட்டால்தான் அதற்குக் கனம்.

என் வீட்டுக்காரரின் பெரியப்பா, நான் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், அவர்தான் மனுவைத் தயார் செய்தார். ஏழெட்டுப் பேரோடு புதுத் துண்டு போட்டுக்கொண்டு பாய் கடைக்கு வந்தார். நானும் ஓரமாக நின்றேன்.

“அறுபத்து மூணு பேரு கையெழுத்து பாய். நாயன்மாரு கணக்கு. இத இங்கிலீசுல போட்டு, அதே மாதிரி எல்லாப் பேரும் வர்றாப்ல அடிச்சுக் குடுங்க. மறுபடி எல்லாரும் வந்து கையெழுத்து வச்சிர்றோம்.”

பாய் வாங்கி உரக்கப் படித்தார். “மேற்படி தேதியில் ஊர்ப் பொதுமக்களாகிய நாங்கள் அனைவரும் ஒரே மனதாகச் சாலையில் கூடி மறியல் செய்திருந்தபோது, மேற்படியாரும் காலை முதல் மாலை வரை எங்கள் நடுவிலேயே இருந்தார் என்றும், அவர் எந்த மரத்தையும் தொடவில்லை என்றும், இதற்கு நாங்கள் அனைவரும் சாட்சி என்றும்...”

காகிதத்தை மெஷினில் ஏற்றினார். நான்கு வரி அடித்தார். கை நின்றது.

“இன்னா பாய், வார்த்தை தேடப் போறீங்களா?” என்று ஒருவர் கிண்டல் செய்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

பாய் புத்தகத்தைத் தூக்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கவில்லை. “பெரியவரே, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. இந்த ரயட்டுங்கற வார்த்தைக்கு ஊரு ஊரா, காலத்துக்குக் காலம் என்னென்னமோ அர்த்தம் இருந்துச்சு. உங்க வூட்டு மருமவளுக்கு எல்லாம் சொல்லியிருக்கேன். ஆனா கோர்ட்டுல அதுக்கு ஒரே அர்த்தம்தான், கலகம். அஞ்சு பேரு. அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ கூடாத காரியத்துக்கு ஒரே நோக்கத்தோட கூடணும். அதுல எவனோ ஒருத்தன் கை ஓங்கினாப் போதும், மரத்தத் தொட்டவன் தொடாதவன் எல்லாரும் அதே கேஸு. போலீசுக்குக் கஷ்டமே அந்த ஆளுங்களக் காட்டறதுதான். நீங்க ஒரே மனசா கூடினோம்னு எழுதி அறுபத்து மூணு பேரு கையெழுத்தப் போட்டுக் கொண்டாந்திருக்கீங்க.”

“அதனால?”

“அதனால அறுபத்து நாலு பேரு ஆவுது. உள்ள இருக்கறவரையும் சேத்து.”

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“உனக்கு இன்னா பாய் தெரியும் எங்க கஷ்டம்?” என்றார் ஒருவர்.

“தெரியாதுங்க. அதான் எழுதினதப் பாக்கறேன்.”

“பயந்தாங்குளியாட்டம் பேசற. நீ அடிக்கலன்னா வேற ஆளு இல்லியா இந்த ஊர்ல?”

“இருக்காங்க. பஸ் ஸ்டாண்டுகிட்ட ரெண்டு பேரு இருக்காங்க. வேகமா அடிப்பாங்க.”

பெரிய மாமா கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். “பாய், நாங்க போராடினத மறைக்கச் சொல்றியா? ஊரே நின்னுது, அவனும் நின்னான். அதச் சொல்றதுல பயம் இன்னா?”

“மறைக்கச் சொல்லலீங்க. நான் எழுதினதத்தான் பாக்க முடியும். எழுதாதத நீங்கதான் சொல்லணும். அவரு நெசமாவே உங்க நடுவுல இருந்தாரா?”

பெரிய மாமா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அவன் மானம் போகக் கூடாது என்று அன்பாகத்தான் அந்தப் பொய்யை நடுவில் வைத்து, அதைச் சுற்றி அறுபத்து மூன்று கையெழுத்தைக் காவல் போட்டிருந்தார்கள். அதில் மீசை முளைக்காத பிள்ளைகள் கையெழுத்து இருந்தது. கைக்குழந்தைக்காரிகள் கைநாட்டு இருந்தது. எதற்கெல்லாமோ பயந்த எனக்கு, அந்த நிமிஷம் இரண்டு பயம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றது. பெரிய பயம் ஜெயித்தது என்றுதான் சொல்ல வேண்டும். தைரியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

“அவரு ரோட்டுல இல்ல பாய்” என்றேன். “மலையில இருந்தாரு. ஒரு வூட்டுக்கு வாசநெல அறுத்துக்கினு இருந்தாரு.”

“ஏம்மா” என்றார் பெரிய மாமா. கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “அவன் தலைய நீயே குனிய வச்சிட்டியே.”

“ஒருத்தரு தலை குனிஞ்சாப் போதும் மாமா. அறுபது வூட்டுக்கு ஜீப்பு வந்தா நாளைக்கு எந்த வூட்ல அடுப்பு எரியும்?”

பாய் மெஷினிலிருந்து காகிதத்தை உருவினார். கையெழுத்துக் காகிதத்தோடு சேர்த்து மடித்து, இரண்டு கையாலும் பெரிய மாமாவிடம் கொடுத்தார். “இது உங்க ஊரு கையெழுத்து. நான் கிழிக்கக் கூடாது. ஆனா யாருகிட்டயும் காட்டிடாதீங்க.” அவர்கள் வாங்கிக்கொண்டு, என்னைக் கூப்பிடாமல் போனார்கள்.

புதுக் காகிதம் ஏற்றினார் பாய். “உன் பேரச் சொல்லும்மா.”

அந்த மனுவில் ஒரே கையெழுத்து, என்னுடையது. ஒருத்தி தனியாகப் போட்டால் கனம் இருக்குமா என்று கேட்டேன். “சாட்சி ஒருத்தரக் கூட்டியா. ரெண்டு பேரு ஆவீங்க. அஞ்சுக்கு இன்னும் தூரம் இருக்கு” என்றார்.

மலைக்குப் போய், பலா அறுக்கச் சொன்ன அந்த ஆளை அழைத்து வந்தேன். மலை ஆட்களுக்கு வாங்க போங்க வராது, எல்லாரையும் நீதான். அவர் பாயைப் பார்த்து, “இன்னா கேக்கற, கேளுய்யா. மூணு நாளு எங்க வூட்ல சாமைச்சோறு தின்னான். நெலைய நட்டாச்சு. நம்பலன்னா கழட்டித் தோள்ல தூக்கியாறேன்” என்றார். எனக்கு உடனே அடுத்த பயம் வந்தது. மரம் அறுத்தார் என்று எழுதினால் ஃபாரஸ்ட்காரர்கள் வருவார்களே. பாய் ஒரு வரி சேர்த்தார்: சாட்சியின் சொந்தப் பட்டா நிலத்தில், காற்றில் விழுந்த பலாமரம். அடித்துவிட்டு என்னைப் பார்த்து, “இன்னும் எதுனா பயம் மீதி இருந்தா இப்பவே சொல்லிடு, எடம் இருக்கு” என்றார். மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் நான் சிரித்தேன்.

அந்த மனுவால்தான் வெளியே விட்டார்களா, வக்கீலின் வாதத்தாலா, எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் விட்டார்கள். பின்னால் வழக்கும் இல்லாமல் போனது. கடலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். உள்ளே எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டதாம், மலைக்கு ஓடினவன் என்று கேலி செய்தார்களாம். கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது ஒரே வார்த்தை: “நல்லா கேட்டுக்கினியே, நான் சொன்னத.” அதோடு பல மாசம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனார்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. பக்கத்து ஊர் ஒன்றும் இதே மாதிரி ஊர் மொத்தமும் சாட்சி சொல்லி மனு கொடுத்திருந்தது. அந்தக் கையெழுத்து வரிசையைக் கையில் வைத்துக்கொண்டே போலீஸ்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். மறுநாள் சாயங்காலம் பெரிய மாமா எங்கள் வாசலுக்கு வந்தார். உட்காரவில்லை. “அந்தக் காயிதத்த அடுப்புல வச்சிட்டேம்மா” என்றார். “பாய்க்கு எங்க தோட்டத்துப் பூசணி ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். நீ போவும்போது குடுத்துடு. நான் போனா நல்லா இருக்காது.”

கொண்டுபோனேன். பாய் பூசணிக்காயைப் பெட்டிமேல் வைத்துவிட்டு, “அந்தக் காலத்துல இங்கிலாந்துல ஒரு சட்டம் இருந்துதாம்மா” என்று ஆரம்பித்தார். பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ கூடி ரகளை செய்தால் ஒரு அதிகாரி வந்து ஒரு காகிதத்தைச் சத்தமாகப் படிப்பாராம். படித்து ஒரு மணி நேரத்தில் கலைந்து போனவர்களுக்கு ஒன்றும் இல்லை, நின்றவர்களுக்குத் தூக்காம். “ஒரு மணி நேரம் டைம் குடுத்திருக்கான் பாரு. யோசிக்கறதுக்கு.” அவ்வளவுதான் சொன்னார். என் வீட்டுக்காரர் பேசுகிறாரா என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டுதான் அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன். கோபம் கலைந்து போக எல்லாருக்கும் ஒரு மணி நேரம் போதாது. என் வீட்டுக்காரருக்கு ரொம்ப காலம் பிடித்தது.

பாய் கடை பிறகு ஜெராக்ஸ் கடையானது. அவர் காலமானது எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும். போய் அவர் வீட்டு அம்மாவைப் பார்த்தேன். “உங்க அண்ணன் எந்நேரமும் புக்கும் கையுமாத்தான் கெடப்பாரு. ஒரு வார்த்தை பேசறதுக்குள்ள நாலு தடவ யோசிப்பாரு” என்று அழுதார்கள். அந்த நான்கு தடவையால் எத்தனை வீட்டு ஆம்பிளைகள் ஜெயிலுக்குப் போகாமல் வீட்டில் படுத்தார்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் அந்த அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பல வருஷம் கழித்து, கள்ளக்குறிச்சி மாவட்டமான பிறகு, எங்கள் ஊரில் ஒரு கூட்டம் போட்டார்கள். அந்தப் போராட்டத்தில் உள்ளே போய் வந்த பழைய ஆட்களுக்குச் சால்வை போடப் போகிறோம், பெயர் கொடுங்கள் என்று ஒரு பையன் நோட்டோடு வந்தான். பெரிய மாமா அப்போது உயிரோடு இல்லை. யாரோ என் வீட்டுக்காரர் பெயரையும் சொல்ல, அவன் எழுதிவிட்டான். இவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போனார். நான் தண்ணீர்க் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

“தம்பி, என் பேர எடுத்துரு.”

“ஏன் தாத்தா? நீங்க உள்ள இருந்தீங்கன்னாங்களே?”

“உள்ள இருந்தேன். ரோட்டுல இல்ல. அன்னிக்கு நான் மலையில கூலிக்கு மரம் அறுத்துக்கினு இருந்தேன். சால்வை ரோட்டுல இருந்தவங்களுக்கு.”

“அப்புறம் எதுக்குத் தாத்தா ஜெயில்ல போட்டாங்க?”

“அத போட்டவன்கிட்ட கேளு.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரோடு சேர்ந்து ரோட்டில் உட்கார்ந்ததாக அன்று கையெழுத்துப் போட்ட இரண்டு கிழவர்களும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பையன் பேனாவால் அவர் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தான். நான் குடத்தை இறக்கி வைத்தேன். இதைப் போய்ச் சொல்லப் பாய் இல்லையே என்று இருந்தது.